எஞ்சின் எறக்குறது ஒரு மணி நேரம், போல்ட்டு கழட்டுறது மூணு நாள்: ஸ்பேனர் அண்ணன் பதில்கள்

கேள்வி: அண்ணே, அப்பா ஓட்டுன மாருதி 800, 1998 மாடல், கார்பரேட்டர் வண்டி. பின்னாடி நீலமா புகை தள்ளுது, ஆயிலும் குடிக்குது. எஞ்சின் எறக்கணும்னு டவுன்ல சொன்ன ரேட்டு கேட்டு தல சுத்திருச்சு. வாசல்ல வேப்பமரம் நிக்கிது, கிளைல செயின் பிளாக் மாட்டி நானும் மச்சானும் எறக்கிரலாமா? எனக்கு போட் எஞ்சின் வேல கொஞ்சம் தெரியும். – வாசகர், தங்கச்சிமடம்

பதில்: எறக்கிரலாம் தம்பி. போட் எஞ்சின்ல கை வச்சவருக்கு இது வெளையாட்டு சாமான். மூணே சிலிண்டர், 796 சிசி, குறுக்க உக்காந்திருக்கும், பானட்ட கழட்டிட்டா கியர்பாக்ஸோட சேத்து மேல வழியாவே எடுத்துரலாம் (மேல தூக்குறதத்தான் நம்மாளுக எறக்குறதுன்னு சொல்றோம், அது ஏன்னு கேக்காதீங்க).

ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. காலைல ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் குப்புனு நீலப்புகை வந்துட்டு அப்புறம் நின்னுருச்சுன்னா அது பெரும்பாலும் வால்வு சீல், ஹெட்ட மட்டும் கழட்டுனா போதும். ஓடும்போதும் விடாம புகையுது, ஆயில் மூடியத் தொறந்தா பீடி ஊதுற மாதிரி ஆவி வருது, கம்ப்ரஷனும் அடிவாங்கி இருக்குன்னா பிஸ்டன் ரிங் போச்சு, அப்ப எறக்கித்தான் ஆகணும்.

வேப்பமரத்த விட்டுருங்க. கிளைக்குள்ள பூச்சி அரிச்சிருக்கானு வெளிய இருந்து தெரியாது, நம்ம பக்கம் காத்து வேற சும்மா இருக்காது. போர் மோட்டார் தூக்குறவங்ககிட்ட இரும்பு பைப் முக்காலி இருக்கும், அத வாடகைக்குக் கேளுங்க, 1 டன் செயின் பிளாக் தாராளமா போதும். மணல்ல கால் பொதையும், அதனால ஒவ்வொரு காலுக்கும் அடில கனமான பலகை போட்டு, மூணு காலையும் கீழ சங்கிலியால சேத்துக் கட்டிருங்க, இல்லன்னா வெயிட்டு ஏறுனதும் கால் விரிஞ்சுரும். மீன்பிடித் தடைக்காலத்துல மட்டும் ஆரம்பிக்காதீங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளும் விசைப்படகெல்லாம் மராமத்துல நிக்கும், செயின் பிளாக்கும் கெடைக்காது, கூடமாட ஒத்தாசைக்கு ஆளும் கெடைக்காது.

தூக்குறது ஒரு மணி நேர வேலதான் தம்பி, உப்புக்காத்து தின்ன போல்ட்டுகதான் உங்க உசுர வாங்கப்போகுது. மதுரைல இதே வண்டிய ஒரு நாள்ல பிரிச்சிருவாங்க, மண்டபம் பாம்பன் பக்கம் நின்ன வண்டினா மூணு நாள் ஒதுக்குங்க. மொத ரெண்டு நாள் ஸ்பேனரையே எடுக்காதீங்க, காலைலயும் சாயங்காலமும் எக்ஸாஸ்ட் போல்ட்டு, மவுண்டிங் போல்ட்டு எல்லாத்துக்கும் துருவுக்குள்ள எறங்குற ஆயில் அடிச்சு விடுங்க. கழட்டும்போது எடுத்த எடுப்புல லூஸ் பண்ணாம மொதல்ல ஒரு முடி அளவு டைட் பண்ணுங்க, டிக்குனு ஒரு சத்தம் கேக்கும், அப்பதான் துரு விட்டுருக்கு, அப்புறமா திருப்புங்க. பன்னெண்டு பல்லு ரிங் ஸ்பேனர் போட்டா துரு தின்ன தலை மழுங்கிரும், ஆறு மூல சாக்கெட்டு போடுங்க. அசையலன்னு சூடு காட்ட புளோ லாம்ப் எடுக்குறதா இருந்தா அதுக்கு முன்னாடி பெட்ரோல் ஹோஸ அடைச்சு, வாடையே இல்லாம பாத்துக்கங்க.

பேட்டரி நெகட்டிவ் மொதல்ல. அப்புறம் கூலன்ட்ட வாளில புடிங்க, தரைல விட்டுறாதீங்க, அது இனிப்பா இருக்கும், ஆடு நாய் நக்குனா செத்துரும். கியர் ஆயிலயும் வடிச்சிருங்க, இல்லன்னா சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்ட உருவும்போது மூஞ்சில ஊத்தும். அதுக்கப்புறம் ஹோஸு, ஒயரு, ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், எக்ஸாஸ்ட் எல்லாம். கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் போன்ல படம் புடிச்சு, ஒயர்ல டேப் ஒட்டி நம்பர் போடுங்க. போல்ட்டுகள எடம்வாரியா கொட்டாங்குச்சில போட்டு வைங்க, எங்கிட்டு உள்ளதுன்னு ஒரு சீட்டும் சேத்து.

செயின இழுக்குறப்ப ஒரு விஷயம். மொத மொத நான் எறக்குனப்ப எஞ்சின் ஏறுது, கூடவே காரோட மூக்கும் ஏறுது, பக்கத்துல நின்ன பயலுக கைதட்டுறாய்ங்க. என்னன்னு பாத்தா கியர்பாக்ஸுக்கு அடில எர்த் ஒயர கழட்டல. அதனால மவுண்டிங் போல்ட்ட உருவிட்டு நாலு விரக்கட தூக்குங்க, நிறுத்துங்க, டார்ச் அடிச்சு சுத்தி வந்து பாருங்க. எர்த் ஒயரு, ஸ்பீடாமீட்டர் கேபிள், கியர் ராடு, மறந்துபோறது இந்த மூணுல ஒண்ணாத்தான் இருக்கும். முழுசா தூக்குனதும் எஞ்சின அங்கிட்டு இங்கிட்டு நகத்த வேணாம், கார பின்னாடி தள்ளுங்க, எஞ்சின நேரா கீழ ஒரு பழைய டயர்ல எறக்குங்க. ஷாஃப்ட்டுக்காக கீழ் ஆர்ம்ல பால் ஜாயின்ட்ட கழட்டியிருந்தா தள்ளுறதுக்கு முன்னாடி பூட்டிருங்க. மணல்ல சக்கரம் உருளாது, முந்தின நாளே பலக போட்டு வைங்க. தொங்குற எஞ்சினுக்கு அடில கைய கூட விடாதீங்க, மச்சானுக்கும் சொல்லிருங்க.

கேள்வி: அண்ணா, எங்க தம்பி காரோட எஞ்சின கழட்டி வராந்தால போட்டு ரெண்டு மாசமாச்சு, பார்ட்ஸுக்கு காசு சேரலயாம். பாலித்தீன் கவர் போட்டு இறுக்கிக் கட்டி வச்சிருக்கான். அப்படியே இருக்கலாமா? – வாசகி, கீழக்கரை

பதில்: கவர இன்னைக்கே பிரிக்கச் சொல்லும்மா. பகல்ல சூடாகி ராத்திரி குளுந்து உள்ளுக்குள்ளயே வேர்க்கும், தெறந்து கெடந்தத விட சீக்கிரம் துரு ஏறும். பிளக்க கழட்டி ஒவ்வொரு ஓட்டைலயும் ரெண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, கிராங்க் புல்லில ஸ்பேனர் போட்டு கையால ரெண்டு சுத்து சுத்திட்டு பிளக்க மாட்டிரணும், மாசம் ஒருக்கா இப்படி. சுத்தும்போது எங்கயாவது இறுகுச்சுன்னா பலம் போட வேணாம், இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற வைக்கச் சொல்லு. கார்பரேட்டர், சைலன்சர் வாய்ல எல்லாம் துணி அடைக்கணும், கச்சான் காத்து மாசத்துல வராந்தா வரைக்கும் மணல் வரும்ல. தரைல இருந்து தூக்கி கட்டை மேல வச்சு, பருத்தித் துணி போத்தி, அதுக்கு மேல தார்ப்பாய லூசா போடணும்.

கேள்வி: பழைய எஞ்சின ரிப்பேர் பண்ணாம, ஒடச்ச வண்டில இருந்து வேற எஞ்சின் வாங்கி மாட்டிக்கலாமா? – வாசகர், தொண்டி

பதில்: மாட்டலாம், ஆனா ஆர்சி புக்குல எஞ்சின் நம்பர் இருக்கு பாருங்க. பில்லும் அந்த வண்டியோட பேப்பரும் இல்லாம வாங்காதீங்க, ஆர்டிஓ ஆபீஸ்ல முறையா காமிச்சு நம்பர மாத்திக்கங்க. மாட்டுறதுக்கு முன்னாடியே கிளட்ச் பிளேட்டும் பின்பக்க கிராங்க் ஆயில் சீலும் புதுசு போட்டுருங்க, ஆயில் சீல் வெல கம்மிதான், அதுக்காக இன்னொருக்கா அந்த முக்காலிய வாடகைக்கு எடுக்குறதுதான் செலவு.