கிட்னி இருக்கட்டும், முதலில் அந்த முதுகுவலி

தேவகோட்டை வாசகருக்கு,

அப்பச்சியின் வயிற்றுப் பெருந்தமனி (வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய்) வீக்கத்துக்கு ஆபரேஷன் செய்தால் கிட்னி போய்விடுமோ, ஆயுள் முழுக்க டயாலிசிஸோ என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில், ‘அப்பச்சிக்குப் பத்து நாளாக முதுகுவலி, கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக் வலி மாத்திரைக்குக் கேட்கிறது’ என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என் பதில் அந்தக் கடைசி வரிக்குத்தான்.

வயிற்றுப் பெருந்தமனி 5.8 செ.மீ. வீங்கியிருப்பவருக்குப் புதிதாக முதுகோ வயிறோ வலித்தால், வீக்கம் வெடிக்கப் பார்க்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். எலும்புத் தேய்மானமா என்பதை ஸ்கேன் பார்த்தபிறகு பேசலாம். ஆண்களுக்கு 5.5 செ.மீ. வந்தாலே ஆபரேஷன் யோசிப்போம். வலி வந்தபின் அளவே பார்ப்பதில்லை. தையில் எழுபது வயதுக்கான பீமரத சாந்தி முடியட்டும் என்கிறீர்கள். வெடித்துவிட்டால் பலர் மருத்துவமனை வாசலைக்கூட மிதிப்பதில்லை. இதைப் படித்ததும் 108-ஐ அழையுங்கள். ரத்தநாள அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கே போகவேண்டும் என்று சொல்லுங்கள்.

இனி கிட்னி. வீக்கம் சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே இருப்பதாக ரிப்போர்ட் சொல்கிறது, நல்லது. ஆபரேஷனில் ரத்த ஓட்டத்தை நிறுத்தப் போடும் கவ்வி (கிளாம்ப்) அவற்றுக்குக் கீழேயே விழும். சிறுநீரகத்துக்கு ரத்தம் அடியோடு நிற்காது. மேலே போட வேண்டிவந்தால் நிமிடக் கணக்குப் பார்த்து எடுப்பார்கள். சில நேரம் குளிர்ந்த திரவம் செலுத்துவதும் உண்டு. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் சற்று ஏறினாலும் பெரும்பாலோருக்குச் சில நாளில் இறங்கிவிடும். நிரந்தர டயாலிசிஸ் ஒருசிலருக்கே.

இணையத்தில் பார்த்த ‘கிட்னியைக் காக்கும்’ டோபமைன் ஊசியை மறந்துவிடுங்கள். ஆராய்ந்து பார்த்ததில் பலன் இல்லை. ரத்த அழுத்தம் விழாமல், உடலில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் காப்பு. 70 கிலோ உடம்புக்கு மணிக்கு 35 மி.லி. சிறுநீராவது பையில் இறங்குகிறதா என்று நர்ஸ் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கிரியாட்டினின் 1.4-க்கு நெருஞ்சில் கஷாயம் காய்ச்சிக் கொடுக்கிறீர்கள். அதே வீட்டில் தினம் இரண்டு டைக்ளோஃபெனாக்! அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். எச்சரிக்கை மணியான வலியையும் அமுக்கிவிடும். கஷாயம், டைக்ளோஃபெனாக் இரண்டையும் இப்போதே நிறுத்துங்கள். பிரஷர் மாத்திரையில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். அதனால்தானோ என்று நீங்கள் சந்தேகப்படும் கால் வீக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழைய ஸ்கேன் படத்தோடு அந்த மாத்திரைப் பட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை விழுங்கினார் என்று மயக்க மருத்துவர் கேட்பார்.