மறதி இருக்கட்டும் ரீச்சர், அந்த இரத்தக்கசிவு?

மறதியைப் பற்றி இரண்டு பக்கம் கடிதம் எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். மாதவிடாய் நின்று 14 மாதமான பிறகு, போன கிழமை இரண்டு நாள் இலேசாக இரத்தம் பட்டதாம். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஒரு வருடம் முழுதாக நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் காட்டத்தான் வேண்டும். பெரும்பாலும் சாதாரண காரணமாகவே இருக்கும். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் இருக்கும். வேளைக்குப் பிடித்தால் குணமாக்கலாம். மறதிக்கு நல்லதென்று கனடாவிலிருந்து அக்கா அனுப்பி, மூன்று மாதமாக நீங்கள் விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குளிசை வேறு. அது மூளைக்கு மட்டும் போகும் என்று யார் சொன்னது? ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் இருப்பதுபோலக் கருப்பையிலும் இருக்கின்றன. புரொஜெஸ்டரோன் என்ற மற்றப் பெண் ஹார்மோனைச் சேர்க்காமல் தனி ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். இன்றே நிறுத்துங்கள். மிச்சக் குளிசையையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். ஸ்கானில் உட்சுவரின் தடிப்பை அளப்பார்கள், தேவையென்றால் சிறு துண்டெடுத்துச் சோதிப்பார்கள். 45 வயதில் செய்த பாப் பரிசோதனையை நம்பி இருந்துவிடாதீர்கள், அது கருப்பைக் கழுத்துக்கானது. 'குளிசையால்தான் பட்டது' என்று நீங்களே தீர்ப்பு எழுதவும் வேண்டாம்.

சரி, மறதிக்கு வருவோம். அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதோ என்ற பயம்தானே அந்த இரண்டு பக்கமும்? வகுப்பில் வாயில் வராத ஒரு பிள்ளையின் பெயர் இடைவேளையில் ஞாபகம் வருகிறதென்றால் அது டிமென்ஷியா என்ற மறதிநோய் இல்லை. திருநெல்வேலிச் சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால் உடனே வாருங்கள். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது உடற்சூட்டைப் பார்த்துக்கொள்ளும் ஹைபோதலமஸ் என்ற மூளைப்பகுதி தடுமாறும், நடுச்சாமத்தில் வியர்த்து எழும்புவீர்கள். நித்திரை கெட்டால் யாருக்குத்தான் பெயர் ஞாபகம் வரும்?

நீங்கள் பார்த்த யூடியூப்காரர் சொன்னதுபோல, மாதவிடாய் நின்றதும் மூளையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் செத்துப்போவதும் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களின் மூளையில் சில பகுதிகளில் அவை கூடுதலாக இருப்பதை 2024இல் வந்த ஸ்கான் ஆய்வொன்று காட்டியது. உங்கள் கணவருக்கு டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆண்களுக்கு அது வருடத்துக்கு ஒரு சதவீதமளவில் மெல்லக் குறைவது வழமை.

சுத்த சைவம் என்கிறீர்கள். அதனால் மறதிக்கு விட்டமின் பி12ஐயும், கூடவே தைரொயிட்டையும் மட்டும் சோதியுங்கள். வியர்வை தாங்கமுடியாவிட்டால் முறையான ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது. இரத்தக்கசிவின் காரணம் தெரிந்த பிறகு அதே கிளினிக்கில் கேளுங்கள்.