சோற்றுக்கா, பாசத்துக்கா?

கேள்வி: நாய் நம்மைச் சுற்றி வருவது சோற்றுக்காகத்தானே? அதைப் போய்ப் பாசம் என்கிறார்களே?

பதில்: சோறும் உண்டுதான். ஆனால் எங்கள் மணிக்குத் தினமும் சாப்பாடு வைப்பது என் மனைவி. நான் காய்ச்சலில் கிடந்த நான்கு நாளும் அது என் கட்டிலடியை விட்டு நகரவில்லை. என் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்திருக்கும். நான் இருமினால் ஒரு காது மட்டும் தூக்கும்.

அப்புறம், ஜெர்மனியின் பான் நகரில் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914-இல் ஒரு புதைகுழி கிடைத்தது. சுமார் 14,000 ஆண்டுப் பழமை. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. குட்டியின் பற்களில் கடும் நோயின் தடங்கள். யாரோ வாரக்கணக்கில் கவனித்திருக்காவிட்டால் அது பிழைத்திருக்காது என்கிறார்கள் ஆய்வாளர்கள். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத குட்டி! அதற்குத் தண்ணீர் புகட்டியது அந்த இருவரில் யாரோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.