இன்வெர்ட்டரில் மேல் பக்க மொஸ்பெட் மட்டும் ஏன் கொதிக்கிறது?

கேட்கப்பட்டது இது: ஹட்டனில் மின்வெட்டுக்காக 24 வோல்ட் பேட்டரியில் 50 ஹெர்ட்ஸ் இன்வெர்ட்டர் கட்டுகிறார், மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சான மொஸ்பெட் (ஐஆர்எஃப் 3205) நான்கு: இரண்டு மேலே பாசிட்டிவ் பக்கம், இரண்டு கீழே நெகட்டிவ் பக்கம். அவற்றைத் திறக்கும் முனையான கேட்டுக்கு 12 வோல்ட் வந்தும் மேலே உள்ள இரண்டும் எரிகின்றன. மின்னை ஒரு வழியில் மட்டும் விடும் டயோடும், மின்னேற்றத்தைச் சேமிக்கும் கப்பாசிட்டரும் சேர்த்த பூட்ஸ்ட்ராப் சுற்று தேவை என்கிறார்களே, ஏன்?

அந்த 12 வோல்ட்டை எங்கிருந்து அளந்தீர்கள்? பேட்டரியின் நெகட்டிவ்விலிருந்து என்றால் அதனால் பயனில்லை. மொஸ்பெட்டுக்கு, மின்னோட்டம் வெளியேறும் தன் சோர்ஸ் முனையிலிருந்து கேட் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது மட்டுமே கணக்கு. கீழ்ப் பக்கத்தில் சோர்ஸ் நெகட்டிவ்விலேயே இருப்பதால் சிக்கல் இல்லை. மேல் பக்கத்திலோ, மொஸ்பெட் திறக்கத் திறக்கச் சோர்ஸும் மேலே ஏறுகிறது. சுமார் 8 வோல்ட்டை எட்டியதும் கேட்டுக்கும் அதற்கும் 4 வோல்ட்தான் இடைவெளி. அதற்கு மேல் திறக்காது. மீதி 16 வோல்ட் மொஸ்பெட்டின் மேல் விழுகிறது. 10 அம்பியர் ஓடினால் 160 வாட் வெப்பம். எரியாமல் என்ன செய்யும்?

அது முழுதாகத் திறக்கக் கேட் 36 வோல்ட் அளவுக்குப் போக வேண்டும். அதற்குத்தான் அந்தக் கப்பாசிட்டர். கீழ் மொஸ்பெட் திறந்திருக்கும்போது டயோட் வழியாக அது 12 வோல்ட்டுக்கு நிரம்புகிறது. அதன் ஒரு முனை சோர்ஸில் கட்டப்பட்டிருப்பதால், சோர்ஸ் ஏறும்போது கப்பாசிட்டரும் கூடவே ஏறுகிறது. நானுஓயாவிலிருந்து பட்டிப்பொலைக்கு ரயில் எவ்வளவு ஏறினாலும் மடியிலுள்ள பை இருக்கையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும் அல்லவா, அப்படி. டயோட் அப்போது பின்வழியை அடைத்துக்கொள்கிறது. ஐஆர் 2110 போன்ற டிரைவர் ஐசி அந்த 12 வோல்ட்டை எடுத்துக் கேட்டுக்குக் கொடுக்கிறது.

இனிமேல்தான் கவனம் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலும் 1 மைக்ரோஃபாரட் போட்டிருப்பார்கள். அவை பல்லாயிரம் ஹெர்ட்ஸில் ஓடும் சுற்றுகளுக்கானவை. கேட்டை நிரப்ப மட்டும் என்றால் அதுவே தாராளம். உங்கள் 50 ஹெர்ட்ஸில் மேல் மொஸ்பெட் ஒரே மூச்சில் 10 மில்லி செக்கன் வரை திறந்திருக்க வேண்டும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே வழக்கமாகப் போடும் 10 கிலோ ஓம் தடை ஒன்றே அந்த நேரத்தில் 1 மைக்ரோஃபாரட்டை 12 வோல்ட்டிலிருந்து நாலரைக்கு இறக்கிவிடும். சுமார் 8 வோல்ட்டுக்கு வந்தவுடனே ஐசி தானாகக் கேட்டை அணைத்துவிடும். அலை பாதியில் அறுந்து நிற்கும். 22 மைக்ரோஃபாரட் போடுங்கள், இறக்கம் அரை வோல்ட் அளவில் நின்றுவிடும். பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றும் இருக்கட்டும்.

டயோடுக்கு யூஎஃப் 4007 என்று பெயர் சொல்லியே கேளுங்கள். வெறும் டயோட் என்றால் கடையில் 1என் 4007ஐத் தருவார்கள். 50 ஹெர்ட்ஸில் அது தாக்குப்பிடிக்கும். நாளை 20 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம்முக்கு (வேகமாகத் திறந்து மூடி அலையை உருவாக்கும் முறை) மாறினால் மெதுவாக அடைபடும் அந்த டயோட் வழியே மின்னேற்றம் திரும்பி ஓடும்.

மேல் மொஸ்பெட்டை இடைவிடாமல் திறந்தே வைக்க இந்தச் சுற்றால் முடியாது. இயக்கும்போதும் முதலில் கீழ்ப் பக்கத்தைச் சிறிது நேரம் திறந்து கப்பாசிட்டரை நிரப்புங்கள். நம் பக்கத்து மூடுபனியில் பலகையில் ஈரம் படியும். ஈயம் வைத்த பின் ஃப்ளக்ஸைத் துடைக்காவிட்டால் அங்கேயும் மின்னேற்றம் கசியலாம்.

மாற்றிய பின் ஐசியின் 5ஆம், 6ஆம் கால்களுக்கு இடையே மீட்டரை வையுங்கள். ஓடும்போது 11 வோல்ட்டை ஒட்டி நின்றால் மேல் பக்கத்துக்குப் போதிய அழுத்தம் கிடைக்கிறது. அப்போதும் சூடானால் மேலும் கீழும் ஒரே நேரத்தில் திறக்கின்றனவா என்று பாருங்கள்.