படம் இல்லாத பாட்டு

கேள்வி: எனக்கு 53 வயது. தக்கலை பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். 2020-இல் பள்ளி பூட்டிக் கிடந்தபோது, பெங்களூரில் வேலை பார்த்த மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக் குழுவின் 'டைனமைட்' பாட்டு வந்தது. அவள் போனில் போட்டாள், இரண்டு பேரும் திண்ணையில் பார்த்துப் பார்த்து ஆடினோம். அதிலிருந்து அந்த ஏழு பையன்கள் மேல் எனக்கு ஒரு பிடிப்பு. இப்போது மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது, அந்த ஆர்வமும் போய்விட்டது. நான்தான் விடவில்லை. "ஒனக்கு வேற சோலி இல்லியா, பெண்ணுவள மாதிரி சாயம் பூசின பயலுவள பார்த்துட்டு இருக்க" என்கிறார் வீட்டுக்காரர். மைனி ஆள் முன்னால் வைத்தே சிரிக்கிறாள். போன மாதம் விருந்துக்கு வந்த மருமகன், "அத்தே, அது பாட்டு ஜெயிச்சதில்ல, ரசிகருங்க துட்டு ஜெயிச்சது. கூட்டமா வாங்கி நம்பர் ஒன் ஆக்கிட்டாங்க" என்றார். மகளும் சேர்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து அந்தப் பாட்டைக் கேட்டாலே கசக்கிறது. நான் ஏமாந்துதான் போனேனா? ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண், எல்லோரும் சேர்ந்து ஆல்பம் வாங்க 4,000 ரூபாய் கேட்கிறாள். அனுப்பலாமா? எங்கள் சமையல் உதவியாளர் மட்டும், "இது எந்தப் படத்துப் பாட்டு அக்கா?" என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: மருமகனிடமிருந்தே தொடங்குகிறேன், சகோதரி. ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி சரி.

அமெரிக்காவில் பில்போர்டு என்றொரு பத்திரிகை வாராவாரம் 100 பாட்டுகளுக்கு வரிசை போடுகிறது. எத்தனை பிரதி விற்றது, இணையத்தில் எத்தனை தடவை ஓடியது, வானொலியில் எத்தனை பேர் காதில் விழுந்தது, இந்த மூன்றையும் கூட்டித்தான் வரிசை. 'டைனமைட்' 2020 ஆகஸ்ட் 21 அன்று வெளியானது. முதல் வாரத்தில் அமெரிக்காவில் 2 லட்சத்து 65 ஆயிரம் பிரதிகள் டவுன்லோடாக விற்றன. இணையத்தில் 3 கோடியே 39 லட்சம் தடவை ஓடியது. பாட்டைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கமே ஏறக்குறைய ஒழிந்துவிட்ட காலத்தில் இந்த விற்பனை எண் ரொம்பப் பெரியது. 2017-க்குப் பிறகு ஒரே வாரத்தில் எந்தப் பாட்டும் அவ்வளவு விற்றதில்லை. அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் ரசிகர்கள்தான், பேசி வைத்துக்கொண்டு வாங்கினார்கள் என்பதும் ஒளிவுமறைவான விஷயமில்லை. அந்த வாரம் வானொலியின் பங்கு சொற்பம். முழுக்கத் தென் கொரியர்களே உள்ள ஒரு குழு அந்த வரிசையில் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. அந்த அளவில் உங்கள் மருமகன் கெட்டிக்காரர்.

மீதிப் பாதியை அவர் பார்க்கவில்லை. அந்தப் பாட்டு மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அதுவும் தொடர்ச்சியாக இல்லை, இரண்டு வாரம் இருந்து, இறங்கி, மறுபடி ஏறியது. அந்த நூறுக்குள் மொத்தம் 32 வாரம் கிடந்தது. வானொலிக்காரர்களும் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டார்கள். பாப் பாட்டு வானொலி வரிசையில் முதல் பத்துக்குள் வந்தது. அதற்கு முன் இந்தக் குழுவின் எந்தப் பாட்டும் அங்கே அவ்வளவு தூரம் போனதில்லை. உங்களுக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். முதல் பந்தியை உறவுக்காரர்களை வைத்து நிரப்பிவிடலாம். ஏழு மாதம் கழித்தும் பந்தி நடக்கிறது என்றால், சமையலில் ஏதோ இருக்கிறது.

இன்னொன்று. எண் என்பது எப்போதும் யார் எதை எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2012-இல் 'கங்னம் ஸ்டைல்' என்ற கொரியப் பாட்டு நம்மூர்க் கல்யாண மண்டபங்கள் வரை வந்ததே, அது அதே வரிசையில் ஏழு வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்றது, முதலிடம் கிடைக்கவில்லை. யூடியூப்பில் பார்ப்பதை அப்போது கணக்கில் சேர்க்கவில்லை. 2013 பிப்ரவரியில்தான் சேர்த்தார்கள். உலகமே குதிரையோட்டம் ஆடிக்கொண்டிருந்தது, கணக்குப் புத்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நீங்கள் ஏமாந்தீர்களா என்ற கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. அந்த வரிசை அமெரிக்காவுக்குள் நடப்பதை மட்டும் எண்ணுவது. தக்கலையில் உட்கார்ந்து நீங்கள் 500 தடவை போட்டிருந்தாலும் அதில் ஒன்றுகூட ஏறியிருக்காது. யூடியூப் எண்ணிக்கை வேறு. முதல் 24 மணி நேரத்திலேயே 10 கோடிக்கு மேல் பார்வை போனது. அதில் வேண்டுமானால் உங்கள் திண்ணையும் ஒன்றாக இருக்கலாம். மற்றபடி அந்த முதலிடத்தில் உங்கள் கை படவே இல்லை. முதலிடம் என்று கேள்விப்பட்டு நீங்கள் பாட்டுக்குப் போகவும் இல்லை. பாட்டு வந்த நாட்களிலேயே ஆடிவிட்டீர்கள், வரிசை அடுத்த வாரம்தான் வந்தது.

பாட்டு உண்மையிலேயே உயர்ந்ததா? என் அபிப்பிராயம் கேட்டால், இல்லை. அவர்களுடைய மற்றப் பாட்டுகளில் இதைவிட நல்லவை இருக்கின்றன. இது அவர்கள் முழுக்க ஆங்கிலத்தில் பாடிய முதல் பாட்டு. எழுதியவர்கள் டேவிட் ஸ்டூவர்ட், ஜெசிக்கா அகோம்பர் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள். சொந்தமாக எழுதிப் பாடுவதற்குப் பேர் வாங்கிய குழு, அமெரிக்க வானொலிக்காக மொழியை விட்டுக்கொடுத்துவிட்டது என்று அப்போதே ரசிகர்களில் ஒரு பகுதியினர் வருத்தப்பட்டார்கள். அதே வருடக் கடைசியில், பெரும்பகுதி கொரிய மொழியில் இருந்த 'லைஃப் கோஸ் ஆன்' நேராக முதலிடத்தில் வந்து இறங்கியதும் அந்த வருத்தம் கொஞ்சம் அடங்கியது. அமெரிக்காவின் கிராமி இசை விருதுக்கு 'டைனமைட்' பரிந்துரையானது, ஆனால் கிடைக்கவில்லை.

ஆனால் அந்தப் பாட்டை எதற்குப் போட்டார்கள் என்று பாருங்கள். கொரோனாவால் அவர்களுடைய உலகச் சுற்றுப்பயணம் முடங்கியது. எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்த நேரத்தில், 1970-களின் டிஸ்கோ தாளத்தை எடுத்து, கனமில்லாமல், கொஞ்ச நேரம் மனசு லேசாகிற மாதிரி ஒன்றைச் செய்தார்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் ஓணத்துக்கு முன்னால் அது அந்த வேலையைத்தானே செய்தது? சட்னி சாம்பார் ஆகவில்லை என்று யாரும் குறை சொல்வதில்லை.

இனி உங்கள் வீட்டுக்காரர். சாயம் பூசின பயலுவ என்கிறாரா? ஏழு பேரும் அவர்கள் நாட்டுச் சட்டப்படி கட்டாய ராணுவப் பணிக் கடமையை முடித்து 2025 ஜூனுக்குள் வெளியே வந்துவிட்டார்கள் என்று சொல்லி வாயடைக்கலாம். நான் அதைச் சொல்லச் சொல்ல மாட்டேன். முகத்தில் சாயம் பூசியவன் ஆண்பிள்ளைதான் என்று நிரூபிக்கத் துப்பாக்கியைக் காட்டினால், அவர் கட்சியை நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதில் அவரிடம் கலைவாணரைப் பற்றிப் பேசிப் பாருங்கள். நான் வடசேரியில் வளர்ந்தவள். எங்களுக்குப் பக்கத்து ஒழுகினசேரிதான் என்.எஸ்.கிருஷ்ணனின் ஊர். அவர் சினிமாவுக்குப் போகுமுன் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் இருந்தவர். பாய்ஸ் கம்பெனி என்றுதான் அப்போது அந்த மாதிரிக் கம்பெனிகளைச் சொல்வார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்களை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டுபோய் ஒரே இடத்தில் தங்கவைத்து, பாட்டு, ஆட்டம், வசனம் எல்லாம் வாத்தியார் கண்டிப்பில் பழக்கி, சாயம் பூசி, ஊர் ஊராக மேடை ஏற்றினார்கள். பெண் வேடத்துக்கும் பையன்தான். அந்தச் சகோதரர்களில் ஒருவரான சண்முகம் அவ்வைப் பாட்டியாக நடித்து, 'அவ்வை' என்பது அவர் பேரோடு ஒட்டிக்கொண்டது. தமிழ்நாடு அதைக் கொண்டாடியது. கொரியாவில் இன்று சிறுவர்களைச் சேர்த்து வருடக்கணக்காகப் பழக்கி மேடை ஏற்றுவதைப் படிக்கும்போதெல்லாம், இதைத்தான் நம் தாத்தாக்கள் தகர விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றும். இரண்டு இடத்திலும் பிள்ளைகள் பட்ட பாடு ஒன்றும் குறைவில்லை என்பதும் சேர்த்தே தோன்றும்.

வீட்டுக்காரர் அதற்கும் மசியாவிட்டால், கொரியா நமக்குச் சம்பந்தி வீடு என்று சொல்லிப் பாருங்கள். 'ஆயுத' நாட்டிலிருந்து கப்பலேறிப் போன இளவரசி கொரிய ராஜாவைக் கட்டினாள் என்று அவர்களுடைய பழைய நூல் ஒன்றில் கதை இருக்கிறது. அது அயோத்தி என்று பலர் சொல்கிறார்கள். இல்லை, நம் தெற்குக் கோடியை ஆண்ட ஆய் நாடு என்று சில தமிழர்கள் சொல்கிறார்கள். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை கிடையாது. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு நல்ல பேச்சு, அவ்வளவுதான்.

மைனியைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. சிரிக்கட்டும்.

கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது ஒன்று பட்டது. மருமகன் சொன்னதுகூட உங்களைக் குத்தவில்லை. "மகளும் சேர்ந்து சிரித்தாள்" என்ற வரிதான் குத்துகிறது. அதற்கு அடுத்த வரியில்தான் பாட்டு கசந்திருக்கிறது. அவளோடு ஆடிய ஆட்டத்தை அவளே சிரிப்பாக்கிவிட்டாள் என்று உங்களுக்கு இருக்கிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? புதுசாகக் கல்யாணமான பெண், புருஷன் ஒரு ஜோக் அடிக்கிறான், கூடச் சிரிக்கிறாள். அன்று அவள் எதையும் யோசித்திருக்கக்கூட மாட்டாள். இதை மருமகனின் கணக்கை உடைத்து அவளிடம் நிரூபிக்கப் போகாதீர்கள். 32 வாரம், மூன்று வாரம் என்று நான் மேலே எழுதியதை வாட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்பவும் வேண்டாம். மருமகன் இல்லாத நேரமாகப் பார்த்துப் போன் பண்ணி, "அன்னைக்கு நீ சிரிச்சது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு மக்கா" என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். பாட்டைப் பற்றி எதுவும் வேண்டாம். அவள் இனிமேல் அந்தக் குழுவைக் கேட்கப் போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு அது ஒரு வருடத்துப் பாட்டு. உங்களுக்கு அது இன்னும் ஓடுகிறது. இரண்டும் நடக்கிறதுதான்.

அந்த 4,000 ரூபாயை அனுப்பாதீர்கள். கேட்கிற பெண் நேர்மையானவளாகவே இருக்கலாம், நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை. முகம் பார்க்காத ஆளிடம், ரசீது இல்லாமல், எப்போது வரும் என்று தெரியாத பொருளுக்குப் பணம் கொடுப்பதைத்தான் சொல்கிறேன். ஏற்கெனவே அனுப்பிப் பொருளும் வராமல் ஆளும் பதில் சொல்லாமல் போனால், தாமதிக்காமல் சைபர் குற்றப் பிரிவின் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பாட்டு கேட்க உங்களுக்கு ஒரு காசும் தேவையில்லை.

அப்புறம், உங்கள் சமையல் உதவியாளர். உங்கள் கடிதத்தில் கேலி இல்லாமல் அந்தப் பாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான், அவரைக் கடைசி வரியில் தள்ளியிருக்கிறீர்கள். எந்தப் படம் என்று கேட்டது அறியாமை இல்லை. நமக்குப் பாட்டு என்றால் பெரும்பாலும் படத்தோடு வருவது, யார் நடித்தது என்று கேட்டுத்தான் அதை எங்கே வைப்பதென்று முடிவு செய்கிறோம். உங்கள் வீட்டுக்காரருக்கும் அந்த இடம் கிடைக்காமல்தான் சாயத்தில் போய் நிற்கிறாரோ என்னவோ. உலை கொதிக்கிற நேரத்தில், பிள்ளைகள் தட்டோடு வருவதற்கு முன்னால், அந்த உதவியாளரிடம் சொல்லுங்கள்: படம் இல்லை, ஏழு பையன்கள், கொரியா. முட்டு வலி இல்லையென்றால் முதல் அடி எப்படி வைப்பதென்றும் காட்டுங்கள்.