பங்காளி வயல் மகரந்தம், உங்கள் ஸ்வீட் கார்ன்

கேள்வி: 30 சென்ட்டில் ஸ்வீட் கார்ன் போட்டேன். வரப்புக்கு அந்தப் பக்கம் பங்காளி தீவன மக்காச்சோளம் போட்டிருக்கிறார். என் கதிர்களில் பல மணிகள் இனிப்பே இல்லாமல் மாவாக இருக்கின்றன. கடைக்காரர் போலி விதையைக் கொடுத்துவிட்டாரா? (உடுமலை வட்டார விவசாயி)

பதில்: கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். முற்றிய கதிர் ஒன்றை உரித்து நன்றாகக் காய வையுங்கள். சில மணிகள் சுருங்கி ஒட்டிப்போகும். சில கொழுகொழுவென்று நிற்கும். சுருங்கியவை உங்கள் வயல் மகரந்தத்தில் பிறந்தவை. கொழுத்தவற்றுக்கு அப்பா பங்காளி வயலில் இருக்கிறார். வரப்போரச் செடிகளில் இந்தக் கலப்பு அதிகமாகவும் நடுவயலில் குறைவாகவும் இருந்தால், விதை மேல் பழி போட முடியாது.

பக்கத்துத் தோட்டத்து மகரந்தம் விழுந்ததால் உங்கள் மாம்பழத்தின் ருசி மாறாதே, சோளம் மட்டும் ஏன் மாறுகிறது? மாம்பழச் சதை முழுக்கத் தாய் மரத்தின் உடம்பு. சோளத்திலோ நாம் தின்பதே விதையைத்தான், அதிலும் பெரும்பகுதி கருவூண், அதாவது முளைக்கருவுக்கான உணவுச் சேமிப்பு. மகரந்தத் துகள் ஒன்றிலிருந்து இரண்டு ஆண் அணுக்கள் சூலுக்குள் போகின்றன. ஒன்று முட்டையோடு சேர்ந்து முளைக்கருவாகும். மற்றொன்று தாயின் இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து கருவூணாகும். கீவ் நகரில் நவாஷின் என்பவர் 1898இல் லில்லிப் பூக்களில் கண்டறிந்த சங்கதி இது. (தேங்காய்ப் பருப்பும் இளநீரும் கருவூண்தான்.) ஆகவே கருவூணில் தாய்க்கு இரண்டு பங்கு, தகப்பனுக்கு ஒரு பங்கு.

அதிக இனிப்பு ரகங்கள் பலவற்றில் ‘ஷ்ரங்கன்-2’ என்ற மரபணு பழுதாகி இருக்கும். சர்க்கரையை மாவாக்கும் வேலையில் முக்கியமான நொதி அதனால் குறைந்துபோகிறது. சர்க்கரை அப்படியே தங்குகிறது. ஆனால் தகப்பன் வழியில் நல்ல மரபணு ஒன்றே ஒன்று வந்தாலும் போதும், மாவு உருவாகிவிடும். தாயின் இரண்டு பங்கும் அங்கே எடுபடாது. கதிரில் தொங்கும் ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்கானது என்பதால், ஒரே கதிரில் அடுத்தடுத்த மணிகளுக்கு வேறு வேறு அப்பாக்கள் இருக்கலாம்.

அடுத்த போகத்துக்குப் பங்காளியிடம் பேசி, இரண்டு வயலும் ஒரே சமயத்தில் பூக்காதபடி குறைந்தது இரண்டு வார இடைவெளி விட்டு விதையுங்கள். நாள் கணக்கை விட இரண்டு ரகங்களும் பூக்கும் நாளைப் பாருங்கள்; குறுகிய கால ரகமும் நீண்ட கால ரகமும் என்றால் கணக்கு தவறிவிடும். அது சரிப்படாவிட்டால் நூறு மீட்டராவது தள்ளிப் போடுங்கள், காற்று வரும் திசையையும் கவனியுங்கள். மகரந்தம் கனமானது, பெரும்பகுதி கிட்டத்திலேயே விழுந்துவிடும். அதனால் நீளமாக இரண்டு வரிசை போடாமல் சதுரமாகப் போடுவது நல்லது. அப்புறம், இன்னொரு வகை ஸ்வீட் கார்னைப் பக்கத்தில் போட்டால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். இரண்டிலும் பழுதான மரபணு வேறாக இருந்தால், ஒன்றின் குறையை மற்றொன்று சரிக்கட்டி மணி மாவாகிவிடும்.

இந்தப் போகத்துக்கு, நடுவயல் கதிர்களை மட்டும் பச்சையாக ஒடித்து விற்றுவிடுங்கள். வரப்போரத்தை முற்றவிட்டால் கோழித் தீவனத்துக்காவது ஆகும்.