பட்டியில் அடைப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நானும் அண்ணனும் பள்ளி நாள் முதலே கால்பந்துப் பைத்தியங்கள். 2022 மே மாதம் இங்கிலாந்தில் ஒரே வாரத்தில் பல ஆட்டங்களில் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்ததிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கு ஓடுகிறது. அந்தக் காலத்து ரசிகன் அன்பால் ஓடினான், இன்றைக்கு செல்பிக்காக ஓடுகிறான் என்பது அண்ணன் கட்சி. என்னைக் கேட்டால் கும்பல் என்றைக்கும் கும்பல்தான். எண்பதுகளில் இருந்ததுபோல உயரமான கம்பிவேலி போட்டு, மந்தையை அடைப்பதுபோல அடைத்தால்தான் சரிப்படும். யூரோ 2024ல் ஒரு சிறுவன் உள்ளே ஓடி ரொனால்டோவுடன் படம் எடுத்துக்கொண்டபோது என் எட்டு வயது மகன் கைதட்டினான். அதட்டிவிட்டேன். ரசிகர்கள் உண்மையிலேயே மாறிவிட்டார்களா? உங்கள் கருத்தை அறிய ஆவல்.

சரவணன்

அன்புள்ள சரவணன்,

எங்கள் தெருக்கோடித் திடலைச் சுற்றி ஒரு மாதமாகக் கம்பிவலை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கும் மேல். ஒரே ஒரு வாசல், அதற்கும் பூட்டு. தினமும் காலை நடையில் அதைப் பார்த்து மனம் கசந்துகொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. ‘மந்தையை அடைப்பதுபோல’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அண்ணனுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலம் பொற்காலம் ஒன்றும் இல்லை. 1974 மார்ச்சில் இங்கிலாந்தின் எப்.ஏ. கோப்பைக் காலிறுதியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 3-1 என்று முன்னால் நின்றபோது நியூகாசில் கூட்டம் உள்ளே பாய்ந்தது. ஆட்டக்காரர்களை உள்ளே அழைத்துப்போக வேண்டிவந்தது. திரும்பி வந்து ஆடி நியூகாசில் 4-3 என்று வென்றது. அந்த வெற்றி செல்லாது என்று சொல்லி மறுபடி ஆட வைத்தார்கள். அது என்ன அன்பு? 1967ல் லிஸ்பனில் ஸ்காட்லாந்து அணியான செல்டிக் ஐரோப்பியக் கோப்பையை வென்றதும் உள்ளே ஓடியவர்கள் புல்தரையைத் துண்டு துண்டாகப் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள். அது அன்புதான். 1970ல் மெக்சிகோவில் உலகக் கோப்பை இறுதியாட்டம் முடிந்ததும் பிரேசில் ஆட்டக்காரர் டோஸ்டாவோவின் சட்டையையும் கால்சட்டையையும் உருவி உள்ளாடையோடு விட்டார்கள். இரண்டு வகையும் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அன்று சட்டையைப் பிடுங்கிய கை இன்று போனை நீட்டுகிறது. அதில் பேச வேறொன்றும் இல்லை.

உள்ளே புகுந்து ஆளை அடிப்பவன் குற்றவாளி. நீங்கள் சொல்லும் அதே 2022 மே மாதத்தில், அன்று ஆடாமல் கோட்டோரம் நின்றிருந்த ஷெஃபீல்ட் யுனைடெட் ஆட்டக்காரர் பில்லி ஷார்ப்பை ஒருவன் ஓடிவந்து தலையால் முட்டிச் சாய்த்தான். 24 வாரம் சிறை கிடைத்தது. அது போலீசும் கோர்ட்டும் பார்க்கிற வேலை. அவனுக்காக நாற்பதாயிரம் பேரை அடைத்துவைப்பது என்ன நியாயம்?

நீங்கள் யோசிக்காமல் எழுதிய அந்தச் சொல் இங்கிலாந்தில் உண்மையிலேயே புழங்கியது, தெரியுமா? நின்று பார்க்கும் பகுதியை இரும்புக் கம்பியால் அறை அறையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ‘பென்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நம் ஊரில் ஆட்டை அடைக்கும் பட்டிக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். 1985ல் செல்சி கிளப்பின் உரிமையாளர் கென் பேட்ஸ் தன் மைதானத்தில் மின்வேலியே போட்டார். அவருக்குப் பால்மாட்டுப் பண்ணை இருந்தது, மாட்டுக்குப் போடுவதை மனிதர்களுக்கும் போட்டார். நகர நிர்வாகம் தடுத்ததால் அதில் மின்சாரம் பாயவில்லை. மனிதனை மந்தை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்தடுத்த படிகள் தாமாகவே வந்துவிடுகின்றன, சரவணன். அதனால்தான் உங்கள்மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் கோப்பை அரையிறுதி. வெளியே லிவர்பூல் ரசிகர்கள் நெருக்கியடித்து நிற்கவே, 2.52 மணிக்குப் போலீஸ் ஒரு பெரிய வெளிவாசலைத் திறந்துவிடச் சொன்னது. எதிரே ஒரு சுரங்கவழி. அது நேராக மூன்றாம் நான்காம் பட்டிகளுக்குப் போகிறது. இரண்டும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. பக்கத்துப் பட்டிகளில் இடம் இருந்தது. அங்கே போங்கள் என்று கைகாட்ட யாரும் நிற்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. முன்னால் இருந்தவர்களுக்கு நகர இடம் கிடையாது. மார்புக்கு நேரே கம்பிவேலி, அதில் சின்னச் சின்னக் கதவுகள், பூட்டியபடி.

அப்போது சிலர் வேலியில் ஏறி மைதானத்துக்குள் குதித்தார்கள். மூச்சு விடுவதற்காகக் குதித்தார்கள். போலீஸ் அதைக் கும்பல் புகுவதாக எடுத்துக்கொண்டது. வெகுநேரம் அப்படியே நினைத்தது. 3.06க்கு ஆட்டத்தை நிறுத்திய பிறகும், லிவர்பூல்காரர்கள் மறுகோடிக்குப் போய்விடாமல் இருக்க நடுக்கோட்டில் போலீஸ்காரர்கள் வரிசையாக நின்றார்கள். அவர்கள் நின்ற இடத்திலிருந்து ஐம்பது அறுபது மீட்டரில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். விளம்பரப் பலகைகளைப் பிடுங்கி அதில் கிடத்தி ஓடியவர்களும் ரசிகர்கள்தான். 97 பேர் போனார்கள். அவர்களில் இளையவனுக்குப் பத்து வயது. ரசிகர்கள்மேல் பழி இல்லை என்று மரண விசாரணையின் ஜூரி சொல்ல 2016 ஆயிற்று. உங்களைப்போல ‘கும்பல் கும்பல்தான்’ என்று நினைத்தவர்கள் அதுவரை, 27 ஆண்டுகள், அந்தக் குடும்பங்களின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் நான்கு வருடம் முன்பே பாடம் கிடைத்திருந்தது. 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டில் மரத்தால் ஆன பழைய பார்வையாளர் மாடம் ஆட்டத்தின் நடுவே தீப்பிடித்தது. சில நிமிடங்களில் கூரை முழுக்க நெருப்பு. பின்பக்க வாசல்கள் பல பூட்டிக் கிடந்தன. அங்கே போனவர்களில் பலர் திரும்பவில்லை. இறந்தவர்கள் 56 பேர். மற்றவர்கள், ஆயிரக்கணக்கானோர், முன்பக்கச் சுவரை ஏறிக் குதித்துப் புல்தரைக்கு ஓடிப் பிழைத்தார்கள். அந்த மாடத்தின் முன்னால் வேலி இல்லை, அவ்வளவுதான் காரணம். அதைக் கண்ணால் பார்த்தும் மற்ற ஊர்களில் வேலியைப் பிடுங்கவில்லை. ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு, அதை விசாரித்த நீதிபதி டெய்லர் அறிக்கை எழுதிய பிறகுதான் பெரும்பாலும் பிடுங்கினார்கள். 1991ல் தக்க காரணமின்றி மைதானத்துக்குள் இறங்குவது குற்றம் என்று சட்டம் வந்தது. தக்க காரணம் உள்ளவனுக்கு வழி திறந்திருக்கிறது. சட்டம் அப்படித்தான் இருக்கவேண்டும். கம்பிக்குக் காரணம் கேட்கத் தெரியாது.

எனக்கு இதில் ஏன் இத்தனை பதற்றம் என்று கேட்பீர்கள். 1979 கிறிஸ்துமஸ் விடுமுறையில் எனக்குப் பத்து வயது. குமரியின் மேற்குக் கடற்கரை ஊர்களில் பந்தாட்டம் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பாதிரியார் பூசையைக்கூட ஆட்ட நேரம் பார்த்து முடிப்பார். கமுகுத் தடிகளை நட்டு, குறுக்கே தடி வைத்து, கயிற்றால் வரிந்து பன்னிரண்டு படிக்கு ஒரு கேலரி. நானும் சித்தப்பாவும் நான்காம் படியில். எங்களுக்கும் மைதானத்துக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு மட்டும். இரண்டாம் பாதியில் ஒரு கோல் விழுந்தது. எல்லாரும் எழுந்து குதித்தார்கள். ஈரத்துணியைப் பிழிவதுபோல எங்கோ கயிறு நெரியும் சத்தம் கேட்டது. சித்தப்பா கடல்காரர், கயிற்றின் பேச்சு அவருக்குத் தெரியும். என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி முன்னால் எறிந்தார். “உள்ள ஓடுலே!”

விழுந்து எழுந்து ஓடினேன். நடுவட்டத்தில் போய்த்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது கேலரி ஒரு பக்கமாகச் சாய்ந்து மெல்லப் படுத்துக்கொண்டிருந்தது, அதிலிருந்து சனங்கள் மைதானத்துக்குள் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் கால் ஒடிந்தது. இரண்டு பேருக்குத் தோள் இறங்கியது. வேறொன்றும் இல்லை. கோல் விழுந்தால் உள்ளே ஓடிவருகிறார்கள் என்று அந்த வருடம் கனத்த தட்டிவேலி போடக் கமிட்டியில் பேசினார்களாம். பணம் தட்டுப்பட்டதால் கயிற்றோடு விட்டார்களாம். இதைச் சித்தப்பா சொன்னது பல வருடம் கழித்து, ஹில்ஸ்பரோ படம் நாளிதழில் வந்த அன்று. கம்பியில் அழுந்திய முகங்களைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அவர் பேசவில்லை.

2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங் மாவட்டத்தில், காஞ்சுருஹான் மைதானத்தில், தங்கள் அணி தோற்றதும் ரசிகர்கள் உள்ளே இறங்கினார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள்மேலும். எல்லாரும் குறுகிய வாசல்களுக்கு ஓடினார்கள். 135 பேர். உள்ளே இறங்கியவர்களைச் சும்மா விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொஞ்சம் புல் கெட்டிருக்கும்.

மகனை அதட்டிய இடத்தைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. அவன் கைதட்டியது அன்புக்கு. அந்தச் சிறுவன் செய்தது தப்பு என்று மெதுவாகச் சொல்லிக்கொடுக்கலாம், ஆடுபவருக்கு அடிபடும், பயமாக இருக்கும் என்றால் எட்டு வயதுக்குப் புரியும். அவனை மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். உட்கார்ந்ததும் வாசல் எங்கே, புல்தரைக்கு இறங்கும் வழி எங்கே என்று காட்டிவையுங்கள்.

1923ல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த முதல் எப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் பற்றிப் படித்திருப்பீர்கள். கணக்கில் 126,047 பேர், அதற்கு மேலும் ஏராளமானோர் சுவர் ஏறி உள்ளே வந்திருந்தார்கள். மைதானமே மனிதத் தலைகள். ஜார்ஜ் ஸ்கோரி என்ற போலீஸ்காரர் பில்லி என்ற குதிரையில் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டத்தைக் கோட்டுக்கு அப்பால் நகர்த்தினார். முக்கால் மணி நேரம் தாமதமாக ஆட்டம் தொடங்கியது. எல்லாரும் கோட்டை ஒட்டி நின்றே பார்த்தார்கள். வெஸ்ட் ஹாம் ஆட்டக்காரர் ஒருவர் பந்தை எறிந்துவிட்டுக் கூட்டத்தில் சிக்கிக்கொண்டபோதுதான் போல்டன் முதல் கோல் போட்டது.

அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் மறுநாள் சாயங்காலம்தான் நினைவுக்கு வரும். நின்றுபோன ஆட்டத்தை மறுபடி வைத்தார்கள். கேலரி இல்லாததால் ஊரே கோட்டோரம் தரையில் உட்கார்ந்தது. நான் மூலைக்கொடிக்குப் பக்கத்தில். கார்னர் அடிக்க வந்த அண்ணன் பந்தை வைத்துவிட்டுப் பார்த்தார், பின்னால் போக இடமில்லை. “மக்கா, கால மடக்கு” என்றார். மடக்கினேன். வியர்த்த கையை என் தலையில் ஊன்றிக்கொண்டு, எங்கள் நடுவே இரண்டு அடி பின்னால் எடுத்துவைத்தார்.